பிஜிடியூன்: ஏழு கேள்விகளில் ஒரு தரவுத்தளச் சர்வர்

போஸ்ட்கிரெஸ்கியூஎல் தரவுத்தளத்தை 2 ஜிபி நினைவகம் கொண்ட சிறு இயந்திரத்தில் நிறுவினாலும், 64 ஜிபி கொண்ட பெரிய சர்வரில் நிறுவினாலும், தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் இடத்தின் அளவைச் சொல்லும் ஷேர்டு பஃபர்ஸ் என்னும் அமைவில் பொதுவாக 128 எம்பி என்ற ஒரே எண்தான் இருக்கும். வரிசைப்படுத்தல் போன்ற வேலைகளுக்கு ஒதுக்கப்படும் ஒர்க் மெம் இரண்டிலும் 4 எம்பிதான். எந்த இயந்திரத்திலும் சர்வர் முதல் முயற்சியிலேயே எழுந்துவிட வேண்டும் என்பதற்காக வேண்டுமென்றே அடக்கமாக வைக்கப்பட்ட எண்கள் இவை. ஆகவே நிறுவி முடித்தவுடன் அமைவுக் கோப்பைத் திறந்து சிலவற்றை மாற்றியாக வேண்டும் என்று அனுபவசாலிகள் சொல்வார்கள். ஆனால் அண்மைப் பதிப்புகளில் முந்நூறுக்கும் மேற்பட்ட அமைவுகள் உள்ளன. அவற்றில் தொடத் தகுந்தவை பதினைந்தோ இருபதோதான் என்பதும், அவை எவை என்பதும் புதிதாக வருபவருக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளலாம் என்று ஆவணங்களைப் படிக்கத் தொடங்கினால், ஒவ்வோர் அமைவின் விளக்கமும் வேறு இரண்டு அமைவுகளைக் கைகாட்டிவிட்டு முடிந்துவிடும்.

இந்த இடைவெளியை நிரப்புவதற்கென்று இருக்கும் கருவிகளில் அதிகம் பேர் கைக்கொள்வது பிஜிடியூன். இது உலாவியில் திறக்கும் ஒரு படிவம், இலவசம், மூல நிரல் திறந்தே இருக்கிறது, சர்வரோடு எந்தத் தொடர்பும் கொள்வதில்லை. நாம் இயந்திரத்தைப் பற்றிச் சில விவரங்களைக் கொடுத்தால், அமைவுக் கோப்பில் ஒட்டிக்கொள்ளத்தக்க சில வரிகளை அது தருகிறது. பல ஆண்டுகளாக வெவ்வேறு சர்வர்களுக்கு இதைப் பயன்படுத்தி வந்திருக்கிறேன். இம்முறை, தரவுத்தள நிர்வாகத்தில் முன்பழக்கம் இல்லாத ஒருவரின் கண்ணோட்டத்தில் இதை மதிப்பிட முயன்றேன். அண்மையில் எங்கள் குழுவில் சேர்ந்த இளம் நிரலாளர் ஒருவரிடம் படிவத்தைக் கொடுத்து, நான் வாய் திறக்காமல் அருகில் அமர்ந்திருந்தேன். கீழே வரும் கருத்துகளில் பாதி அவருடைய தயக்கங்களிலிருந்து பிறந்தவை.

படிவம் கேட்பவை ஏழே கேள்விகள்: போஸ்ட்கிரெஸ் பதிப்பு, இயக்க முறைமை, தரவுத்தளம் எவ்வகைப் பயன்பாட்டுக்கானது, மொத்த நினைவகம், சிபியு எண்ணிக்கை, இணைப்புகளின் எண்ணிக்கை, சேமிப்பகத்தின் வகை. சிபியுவையும் இணைப்பையும் விட்டுவிட்டாலும் அது விடை தரும். முந்நூறு அமைவுகளைப் பற்றி ஒரு வார்த்தைகூடப் பேசாமல், தன் இயந்திரத்தைப் பற்றி மட்டும் பயனரிடம் கேட்பது என்ற இந்த முடிவுதான் இக்கருவியின் முதன்மையான சிறப்பு. ‘ஷேர்டு பஃபர்ஸ் எவ்வளவு வேண்டும்’ என்று கேட்டால் புதியவர் விழிப்பார். ‘உங்களிடம் எத்தனை ஜிபி இருக்கிறது’ என்று கேட்டால் பதில் சொல்லிவிடுவார். தொடக்கநிலையாளருக்கான கருவி ஒன்றை வடிவமைப்பவர் முதலில் தீர்மானிக்க வேண்டியது, பயனரால் உண்மையாகப் பதில் சொல்லக்கூடிய கேள்விகள் எவை என்பதையே. அந்தச் சோதனையில் இந்த ஏழில் நான்கு தேறிவிடுகின்றன. எஞ்சிய மூன்றைப் பற்றித்தான் விரிவாகப் பேச வேண்டியிருக்கிறது.

அதற்கு முன் விடை எப்படி வருகிறது என்பதைப் பார்த்துவிடலாம். 16 ஜிபி நினைவகம், எஸ்எஸ்டி சேமிப்பகம், வலைச் செயலி என்று கொடுத்தால், ஷேர்டு பஃபர்ஸுக்கு 4 ஜிபி, எஃபெக்டிவ் கேஷ் சைஸுக்கு 12 ஜிபி, பராமரிப்பு வேலைகளுக்கான மெயின்டனன்ஸ் ஒர்க் மெம்முக்கு 1 ஜிபி, அதிகபட்ச இணைப்புகள் 200, வட்டில் அங்கங்கே தாவிப் படிப்பதற்கான மதிப்பீட்டுச் செலவாகிய ரேண்டம் பேஜ் காஸ்ட் 1.1 என்று வரிகள் வருகின்றன. இவற்றில் மாயம் ஏதும் இல்லை. முதலாவது நினைவகத்தில் கால் பங்கு, இரண்டாவது முக்கால் பங்கு, மூன்றாவது பதினாறில் ஒரு பங்கு. போஸ்ட்கிரெஸ் வட்டாரத்தில் நெடுங்காலமாக வாய்வழியாகக் கடத்தப்பட்டு வந்த கணக்குகளையே இக்கருவி சூத்திரமாக்கி வைத்திருக்கிறது. இதைக் குறையாகச் சொல்லவில்லை. அனுபவசாலி ஒருவர் புதிய சர்வரின் முன் அமர்ந்தாலும் முதல் ஐந்து நிமிடங்களில் ஏறக்குறைய இந்த எண்களைத்தான் இடுவார். அந்த ஐந்து நிமிட அறிவை யாருக்கும் கிடைக்கச் செய்திருப்பது பெரிய உதவி.

முதல் சிக்கலான கேள்வி, பயன்பாட்டு வகை. வலைச் செயலி, ஓஎல்டிபி எனப்படும் பரிவர்த்தனை வகை, தரவுக் கிடங்கு, மேசைக்கணினிச் செயலி, கலப்பு என ஐந்து தேர்வுகள் உள்ளன. ஒரு கடையின் விற்பனையைப் பதியும் வலைத்தளம் இவற்றுள் எதில் சேரும்? அது வலைச் செயலியும்தான், பரிவர்த்தனையும்தான். இரவில் அறிக்கை எடுத்தால் கிடங்கின் குணமும் அதற்கு உண்டு. என் அருகில் அமர்ந்திருந்தவர் இங்கேதான் முதன்முதலாக என் முகத்தைப் பார்த்தார். கருவி ஒவ்வொரு வகைக்கும் தன் மனத்தில் தெளிவான வரையறை வைத்திருக்கிறது: தரவு முழுவதும் நினைவகத்தைவிட மிகச் சிறியதாகவும், வினவல்களில் பத்துக்கு ஒன்பது எளியவையாகவும் இருந்தால் வலை, தரவு நினைவகத்தைவிடப் பெரிதாகி, எழுதும் வினவல்கள் கணிசமாக இருந்தால் ஓஎல்டிபி, மொத்தமாகத் தரவை ஏற்றுவதும் சிக்கலான அறிக்கை வினவல்களும் மிகுந்தால் கிடங்கு. ஆக, அது அறிய விரும்புவது செயலியின் பெயரையன்று. தரவின் அளவு நினைவகத்துக்குள் அடங்குமா, எழுதுவது எவ்வளவு, வினவல்கள் எவ்வளவு கனமானவை என்ற மூன்று செய்திகளைத்தான். அவற்றையே மூன்று எளிய கேள்விகளாகக் கேட்டிருந்தால், வகைப் பெயர்களின் குழப்பம் பயனரின் தலையில் ஏறியிருக்காது. தரவுத்தளத்தின் அளவு என்ன என்பதை எவரும் ஒரே கட்டளையில் பார்த்துச் சொல்லிவிடலாம்; தன்னுடையது ஓஎல்டிபியா என்று சொல்வதற்குத்தான் அனுபவம் வேண்டும்.

இந்தத் தேர்வு அலங்காரத்துக்கு வைக்கப்பட்டதும் அன்று. தரவுக் கிடங்கு என்று தேர்ந்தெடுத்தால் மேக்ஸ் வால் சைஸ் 16 ஜிபி ஆகிறது. வலைச் செயலிக்கு அது 4 ஜிபி. கருவியே இல்லாமல் விட்டிருந்தால் 1 ஜிபி. எழுதப்படும் மாற்றங்களின் பதிவுகள் வட்டில் எவ்வளவு வரை சேரலாம் என்பதைச் சொல்லும் அமைவு இது. அது கறாரான உச்சவரம்பும் அன்று. சுமை மிகும்போது சற்றுத் தாண்டவும் செய்யும். அறிக்கைகள் நிறைய எடுக்கிறோமே என்று ‘கிடங்கு’ என்பதைத் தேர்ந்த ஒருவருடைய மெய்நிகர் இயந்திரத்தில் மொத்த வட்டே 20 ஜிபியாக இருந்தால், பதிவுகள் மட்டுமே அதில் பெரும்பகுதியை நிரப்பிவிடக்கூடும். பதிவுகள் எழுத இடமில்லாவிட்டால் போஸ்ட்கிரெஸ் நின்றே போகும். வட்டின் வகையைக் கேட்கும் படிவம் வட்டின் அளவைக் கேட்கவில்லை என்பது, இதை நான் பல முறை பயன்படுத்திய பிறகும் கண்ணில் படாமல் இருந்த ஓட்டை. புதியவர் ஒருவர் ‘டிஸ்க் எவ்வளவு என்று கேட்கவே இல்லையே’ என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

இரண்டாவது, மொத்த நினைவகம். கேள்வி எளிமையானது என்பதால்தான் இது ஆபத்தானது. இயந்திரத்தில் எவ்வளவு இருக்கிறது என்பதை எவரும் பார்த்து எழுதிவிடுவார்கள்; ஆனால் சூத்திரங்கள் எதிர்பார்ப்பது, தரவுத்தளத்துக்கு எவ்வளவு விட்டுக்கொடுக்க முடியும் என்ற எண்ணை. சர்வரில் தரவுத்தளம் மட்டுமே குடியிருந்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. வலைச் செயலியும், அதன் பின்னணி வேலைகளும், கேஷ் சர்வரும் அதே இயந்திரத்தில் இருந்தால் இரண்டுக்கும் இடையே பெரிய பள்ளம் விழுகிறது. கண்டெய்னருக்குள் ஓடும் சர்வரில் நிலைமை இன்னும் மோசம். உள்ளே இருந்துகொண்டு நினைவகத்தைப் பார்க்கும் வழக்கமான கட்டளை, கண்டெய்னருக்கு விதிக்கப்பட்ட வரம்பைக் காட்டாமல் தாய் இயந்திரத்தின் முழு அளவையே காட்டும்.

இந்தத் தவற்றை நானே செய்திருக்கிறேன். செயலியும் தரவுத்தளமும் ஒன்றாக இருந்த ஓர் இயந்திரத்துக்கு, அதன் முழு நினைவகத்தையும் படிவத்தில் எழுதிப் பெற்ற எண்களை அப்படியே ஒட்டினேன். சில நாட்கள் எந்தச் சிக்கலும் இல்லை. பிறகு சுமை ஏறிய ஒரு மாலையில் லினக்ஸ் நினைவகப் பற்றாக்குறைக்குப் பலியிட ஒரு ப்ராசஸைத் தேடி, போஸ்ட்கிரெஸின் ப்ராசஸ் ஒன்றைக் கொன்றது. அப்படி ஒன்று கொல்லப்பட்டால், பகிர்ந்த நினைவகம் கெட்டிருக்கலாம் என்ற எச்சரிக்கையில் போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லா இணைப்புகளையும் துண்டித்து மீட்பு வேலையில் இறங்கும். அன்று அதுவே நடந்தது. பிழை என்னுடையது. ஆயினும் ‘மொத்த நினைவகம்’ என்ற தலைப்புக்குப் பதிலாக ‘இந்த இயந்திரத்தில் வேறு என்னென்ன ஓடுகின்றன’ என்று படிவம் ஒரு வரி கேட்டிருந்தால், நான் ஒரு நிமிடம் நின்று யோசித்திருப்பேன்.

இங்கே மற்றொரு தரவுத்தளமான மைஎஸ்கியூஎல்லின் 8.0 பதிப்பில் வந்த ஓர் அமைவு நினைவுக்கு வருகிறது. இன்னோடிபி டெடிகேட்டட் சர்வர் என்ற அந்த அமைவை இயக்கினால், இயந்திரத்தின் நினைவகத்தைச் சர்வர் தானே பார்த்து, 1 ஜிபிக்குக் கீழ் இருந்தால் 128 எம்பியையும், 4 ஜிபி வரை பாதியையும், அதற்கு மேல் முக்கால் பங்கையும் தரவை நினைவகத்தில் வைக்கும் பஃபர் பூலுக்கு எடுத்துக்கொள்ளும். கணக்கு பிஜிடியூனின் கணக்கைவிட முரட்டுத்தனமானது; ஆனால் பெயர் வைத்தவர் கெட்டிக்காரர். ‘இந்தச் சர்வர் தரவுத்தளத்துக்கு மட்டுமே ஒதுக்கப்பட்டது’ என்று பயனர் தன் வாயால் ஒப்புக்கொண்டால்தான் அது வேலை செய்யும். கருவியின் அனுமானம் பெயரிலேயே ஏறிவிட்டதால், அதை மறந்துவிட்டு இயக்குவது கடினம்.

மூன்றாவது கேள்வி, இணைப்புகளின் எண்ணிக்கை. என் கணிப்பில் படிவத்திலேயே அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுவது இதுதான். ‘எங்கள் தளத்துக்கு ஒரே நேரத்தில் ஆயிரம் பேர் வருவார்கள்’ என்று சொல்லி, அருகில் அமர்ந்திருந்த என் இளம் நண்பர் 1000 என்று எழுதினார். எவரும் அப்படித்தான் எழுதுவார்கள். ஆனால் தளத்துக்கு வரும் மனிதர்கள் வேறு, தரவுத்தளத்தோடு திறந்திருக்கும் இணைப்புகள் வேறு. போஸ்ட்கிரெஸில் ஒவ்வோர் இணைப்புக்கும் ஒரு தனி ப்ராசஸ் உண்டு. எனவே செயலிகள் பொதுவாகச் சில பத்து இணைப்புகளைத் திறந்து வைத்துக்கொண்டு, அவற்றையே மாற்றி மாற்றிப் பயன்படுத்தும். பிஜிபவுன்சர் போன்ற இணைப்புத் தொகுப்பிகள் இருப்பதும் இதற்காகவே. ஆயிரம் பயனர்களுக்கு நாற்பது இணைப்புகள் போதுமானதாக இருப்பது மிகச் சாதாரணம்.

தவறான எண்ணின் விளைவு அதிகபட்ச இணைப்புகள் என்ற ஒரே வரியோடு நிற்பதில்லை. ஒர்க் மெம் என்பது, ஷேர்டு பஃபர்ஸ் போக மீதமுள்ள நினைவகத்தை இணைப்புகளின் எண்ணிக்கையால் பங்கிட்டு வருவது. ஆகவே 200 என்று எழுத வேண்டிய இடத்தில் 1000 என்று எழுதினால், மற்றவை மாறாத நிலையில் ஒர்க் மெம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிடுகிறது. அதன்பின் நினைவகத்தில் முடிந்திருக்க வேண்டிய வரிசைப்படுத்தல்கள் வட்டில் தற்காலிகக் கோப்புகளாக வழிகின்றன. நினைவகம் நிறையச் சும்மா கிடக்க, வினவல்கள் வட்டில் தட்டுத் தடுமாறிக்கொண்டிருக்கும். பயனரோ, கருவியே கணக்கிட்டுத் தந்த எண் ஆயிற்றே என்று அதைச் சந்தேகிக்க மாட்டார். பெட்டியைக் காலியாக விட்டிருந்தால், வகைக்கேற்ப வலைக்கு 200, ஓஎல்டிபிக்கு 300, கிடங்குக்கு 40 என்று கருவியே நியாயமான ஓர் எண்ணை எடுத்துக்கொண்டிருக்கும். தெரியாதவர் எழுதாமல் விடுவதே நல்லது என்ற இந்த உண்மையைப் படிவம் எங்கேயாவது உரக்கச் சொல்லியிருக்க வேண்டும்.

கருவியின் பங்கீட்டு முறை கவனமானதுதான். ஒரே வினவலில் பல வரிசைப்படுத்தல்கள் நடக்கலாம், ஒவ்வொன்றும் தனித்தனியே ஒர்க் மெம் அளவு நினைவகத்தை எடுக்கலாம் என்பதால், இணைப்பு எண்ணிக்கையை மூன்றால் பெருக்கியே அது வகுக்கிறது. ஆனால் அந்த வகுத்தலின் விடையை 10485 கேபி என்பது போன்ற எண்ணாகத் திரையில் காட்டுவதை நான் ரசிக்கவில்லை. கடைசி இலக்கம் வரை துல்லியமாகத் தோன்றும் எண், யாரோ அளந்து பார்த்துச் சொன்னது என்ற மயக்கத்தை உண்டாக்குகிறது. உண்மையில் அது ஓர் ஊகத்தை மற்றோர் ஊகத்தால் வகுத்துக் கிடைத்த ஈவு. ‘10 எம்பி’ என்று எழுதியிருந்தால், இது தோராயம்தான், மாற்றிப் பார்க்கலாம் என்ற துணிவு பயனருக்கு வந்திருக்கும்.

சேமிப்பக வகையைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. எஸ்எஸ்டி, வன்தட்டு, சேமிப்பு வலையமைப்பான சான் என்ற மூன்றில் ஒன்றைத் தேர வேண்டும். வன்தட்டு என்றால் ரேண்டம் பேஜ் காஸ்ட் 4, மற்ற இரண்டுக்கும் 1.1. மேகக்கணினியில் வலையமைப்பு வழியாக இணைக்கப்படும் வட்டு வைத்திருப்பவர் எதைத் தேர்வது என்று தயங்குவார். எஸ்எஸ்டி என்று தேர்ந்தால் பெரிய தீங்கு ஒன்றும் நேராது.

இனி விடைப் பகுதி. இங்கே கருவி செய்யும் ஒரு நல்ல காரியம் பலர் கண்ணில் படுவதில்லை. தரும் வரிகளுக்கு மேலே, நாம் கொடுத்த பதிப்பு, நினைவகம், வகை, சிபியு, சேமிப்பகம் ஆகியவற்றைக் குறிப்பு வரிகளாக அது எழுதித் தருகிறது. இரண்டு ஆண்டுகள் கழித்து அந்தக் கோப்பைத் திறப்பவர், இந்த எண்கள் 16 ஜிபி இயந்திரத்துக்குக் கணக்கிடப்பட்டவை, இப்போதோ இயந்திரம் 64 ஜிபி ஆகிவிட்டது என்று உடனே கண்டுகொள்ளலாம். அமைவுக் கோப்பில் எண்ணுக்கு அருகே அதன் காரணமும் இருக்க வேண்டும் என்ற கொள்கையின் பாதி வடிவம் இது. மறு பாதிதான் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் ஏன் இந்த எண் என்று ஒரு வாக்கியம் எங்கும் கிடையாது.

அந்த ஒரு வாக்கியம் இல்லாததால் என்ன நேர்கிறது என்பதற்கு எஃபெக்டிவ் கேஷ் சைஸ் தக்க எடுத்துக்காட்டு. என் நண்பர் 4 ஜிபியையும் 12 ஜிபியையும் கூட்டி, ‘முழு 16 ஜிபியும் போய்விட்டதே, இயக்க முறைமைக்கு என்ன மிச்சம்?’ என்று கேட்டார். மிகச் சரியான சந்தேகம். ஆனால் விடை வேறு. எஃபெக்டிவ் கேஷ் சைஸ் ஒரு பைட் நினைவகத்தைக்கூட ஒதுக்குவதில்லை. போஸ்ட்கிரெஸின் சொந்த கேஷும் இயக்க முறைமையின் கேஷும் சேர்ந்து தரவில் எவ்வளவு நினைவகத்தில் கிடக்கக்கூடும் என்று வினவல் திட்டமிடும் பகுதிக்குச் சொல்லும் குறிப்பு மட்டுமே அது. அந்த எண் பெரிதாக இருந்தால் இன்டெக்ஸ் வழியாகத் தேடுவதை அந்தப் பகுதி கூடுதலாக விரும்பும். இதை அறியாத ஒருவர் பயந்துபோய் அதைக் குறைத்தால், வினவல்கள் மெதுவாவதைத் தவிர வேறு பலன் இருக்காது. மாறாக, உண்மையிலேயே கவனிக்க வேண்டிய மெயின்டனன்ஸ் ஒர்க் மெம்மின் 1 ஜிபியை யாரும் கேள்வி கேட்பதில்லை. பழைய தரவைத் தானாகத் துப்புரவு செய்யும் ஆட்டோவேக்யூமின் பணியாளர்கள் இயல்பாக மூவர்; தனியே அமைக்காவிட்டால் ஒவ்வொருவரும் அந்த அளவு வரை எடுத்துக்கொள்ள முடியும் என்பது அந்த வரியைப் பார்த்தால் தெரியாது.

விடையைப் பெறுவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, அமைவுக் கோப்பில் ஒட்டும் வரிகள். மற்றது, ஆல்டர் சிஸ்டம் கட்டளைகள். புதியவருக்கு இரண்டாவது எளிது, ஏனெனில் கோப்பு எங்கே இருக்கிறது என்று தேட வேண்டாம். ஆனால் அது எழுதுவது ஆட்டோ கான்ஃப் என்ற தனிக் கோப்பில். முதன்மைக் கோப்புக்குப் பின் படிக்கப்படுவதால் அதிலுள்ளதே வெல்லும். முன்பு நான் பாராட்டிய குறிப்பு வரிகளும் அங்கே போய்ச் சேர்வதில்லை. ஆறு மாதம் கழித்து வேறொருவர் முதன்மைக் கோப்பில் எண்ணை மாற்றிவிட்டு, மறுதொடக்கமும் செய்துவிட்டு, ஏன் மாறவில்லை என்று விழிக்கும் காட்சியை நான் பல முறை பார்த்துவிட்டேன். கோப்பின் அடியில் ஒட்டுபவருக்கும் இதே கதைதான்: ஒரே அமைவு இரு முறை வந்தால் கடைசியில் வருவதே செல்லும், மேலே உள்ள பழைய வரியைத் திருத்துபவரின் உழைப்பு வீண். எந்த எண் எந்தக் கோப்பின் எந்த வரியிலிருந்து வந்தது என்பதை பிஜி செட்டிங்ஸ் என்ற காட்சியில் பார்த்துவிடலாம். அதிலேயே மறுதொடக்கத்துக்காகக் காத்திருப்பவை எவை என்றும் தெரியும். விடையின் கீழே ‘ஒட்டிய பிறகு இதை ஓட்டிப் பாருங்கள்’ என்று ஒரு வினவலைக் கொடுத்திருந்தால் எத்தனையோ பேருடைய மாலைப்பொழுது மிஞ்சியிருக்கும்.

மறுதொடக்கம் பற்றியும் கருவி அதேபோல் ஒட்டுமொத்தமாகச் சொல்லிவிட்டு நின்றுவிடுகிறது. ஷேர்டு பஃபர்ஸும் அதிகபட்ச இணைப்புகளும் மறுதொடக்கம் இல்லாமல் மாறா. ஒர்க் மெம், ரேண்டம் பேஜ் காஸ்ட், எஃபெக்டிவ் கேஷ் சைஸ் ஆகியவற்றுக்குக் கோப்பை மீண்டும் படிக்கச் சொன்னாலே போதும். ஒரே ஒரு அமர்வில் மட்டும் மாற்றிச் சோதித்தும் பார்க்கலாம். ஓடிக்கொண்டிருக்கும் சர்வரை நிறுத்த அஞ்சுபவருக்கு இந்த வேறுபாடுதான் முக்கியமான செய்தி.

இதே வேலைக்கு வந்த மற்ற கருவிகள் வேறு பாதைகளைப் பிடித்திருக்கின்றன. மைஎஸ்கியூஎல்டியூனர் என்ற பெர்ல் நிரல் படிவமே வைப்பதில்லை. ஓடும் சர்வரோடு இணைந்து, அதன் புள்ளிவிவரங்களைப் படித்து, எது சரி, எது கவலைக்குரியது என்று பட்டியலிடுகிறது. சர்வர் தொடங்கி ஒரு நாள்கூட ஆகவில்லை என்றால், இந்தப் பரிந்துரைகளை முழுமையாக நம்ப வேண்டாம் என்று தானே எச்சரிக்கும் அதன் நேர்மை எனக்குப் பிடிக்கும். எல்லா இணைப்புகளும் ஒரே நேரத்தில் தத்தம் முழு அளவையும் எடுத்தால் மொத்த நினைவகம் எவ்வளவு தேவைப்படும் என்று கூட்டிக் காட்டுவதும் அதன் சிறப்பு. பிஜிடியூனில் அப்படி ஒரு கூட்டல் வரி இல்லை. ஆனால் மைஎஸ்கியூஎல்டியூனர் கக்கும் பட்டியல் மிக நீளமானது. ஆச்சரியக்குறி இட்ட வரிகளைப் பார்த்துப் புதியவர் பதறுவார். அட்டவணைகளை இன்டெக்ஸ் இல்லாமல் ஒன்றோடொன்று சேர்க்கும் வினவல்களைக் கண்டால், இன்டெக்ஸ் போடுங்கள் அல்லது ஜாயின் பஃபரைக் கூட்டுங்கள் என்று சொல்லும்; இரண்டில் எளிதானதையே மனிதர்கள் செய்வார்கள்; அடுத்த முறையும் அதே வரி வரும்; மீண்டும் கூட்டுவார்கள்.

பயனரோடு உரையாடும் விதத்தில் என்னை அதிகம் கவர்ந்தது, போஸ்ட்கிரெஸின் நீட்டிப்பான டைம்ஸ்கேல்டிபிக்கென வந்த டைம்ஸ்கேல்டிபி-டியூன். அது நினைவகத்தையும் சிபியுவையும் தானே கண்டறிகிறது. அமைவுக் கோப்பைத் தானே தேடி, இதுதானா என்று கேட்டு உறுதிசெய்துகொள்கிறது. நினைவகம், இணைச் செயல்பாடு, எழுத்துப் பதிவு என்று தொகுதி தொகுதியாக இப்போதைய எண்ணையும் பரிந்துரைக்கும் எண்ணையும் அருகருகே காட்டி, சம்மதமா, தாண்டிச் செல்லலாமா என்று கேட்கிறது. மாற்றுமுன் பழைய கோப்பின் நகலையும் எடுத்து வைக்கிறது. அந்த நகலைத் தற்காலிகக் கோப்பகத்தில் வைப்பதுதான் இடிக்கிறது. மறுதொடக்கத்தில் துடைக்கப்பட்டுவிடக்கூடிய இடத்தில் காப்பு நகலை வைப்பானேன்? பிஜிடியூனின் முன்னோடியாகப் பைத்தானில் கிரெக் ஸ்மித் எழுதிய பழைய நிரலும் ஏற்கெனவே உள்ள கோப்பைப் படித்துப் புதிய கோப்பை எழுதும் வகையைச் சேர்ந்ததே. தான் இட்ட வரிகளின் ஓரத்தில் தன் பெயரையும் நாளையும் பொறித்து வைக்கும். உலாவிக்கு இடம் மாறியபோது எளிமை கூடியது, கோப்போடு இருந்த உறவு அறுந்தது. சர்வரின் கடவுச்சொல்லையோ கோப்பையோ கேட்காத கருவியை அலுவலகத்தில் யாரும் தயங்காமல் திறக்கலாம் என்பதால் இந்தப் பேரத்தில் நட்டம் மட்டுமே என்று சொல்ல மாட்டேன்.

நினைவகம் 256 எம்பிக்குக் குறைவாகவோ 100 ஜிபிக்கு அதிகமாகவோ இருந்தால், இந்த அளவுகளுக்குத் தன் கணக்கு பொருந்தாமல் போகலாம் என்று பிஜிடியூன் எச்சரிக்கிறது. தான் சர்வரோக நிவாரணி அல்ல, வினவல்களின் தன்மையையும் தரவின் அளவையும் பொறுத்துப் பலவும் மாறும் என்றும் ஒப்புக்கொள்கிறது. ஒப்புக்கொண்டதோடு, அந்த மாற்றத்தை அளக்கும் வழியையும் விடையில் சேர்த்திருக்கலாம். தற்காலிகக் கோப்புகளைப் பதிவுசெய்யும் அமைவு ஒன்று, குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் ஓடும் வினவல்களைப் பதிவுசெய்யும் அமைவு ஒன்று என இரண்டே வரிகள் கூடுதலாக இருந்தால், ஒரு வாரம் கழித்து ஒர்க் மெம் போதுமா என்று பயனரே பார்த்துத் தெரிந்துகொள்வார். இன்டெக்ஸ் இல்லாத ஒரு வினவல்தான் சர்வரின் மூச்சை முட்டுகிறது என்பதும் அதே பதிவில் அகப்படும். அதை எந்த அமைவும் தீர்க்காது.

புதிதாக நிறுவப்பட்ட, தரவுத்தளத்துக்கு மட்டுமே ஒதுக்கப்பட்ட, 4 முதல் 64 ஜிபி வரையிலான நினைவகம் கொண்ட சர்வருக்கு பிஜிடியூனை நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். இணைப்புப் பெட்டியைக் காலியாக விடுங்கள் அல்லது செயலியின் தொகுப்பியில் எழுதப்பட்டிருக்கும் எண்ணைப் பார்த்து எழுதுங்கள். நினைவகப் பெட்டியில் மற்ற வேலைகளுக்கு வேண்டியதைக் கழித்துவிட்டு எழுதுங்கள். கிடங்கு என்று தேர்வதற்கு முன் வட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று பாருங்கள். ஏற்கெனவே பல மாதங்களாக ஓடிக்கொண்டிருக்கும், யாரோ கைவைத்த அமைவுகள் உள்ள சர்வருக்கு இதைக் கொண்டுபோக வேண்டாம். அங்கே முதலில் படிக்க வேண்டியது அந்தச் சர்வரின் பதிவுகளை.

என் நண்பர் அன்று பெற்ற வரிகளை ஒரு சோதனைச் சர்வரில் இட்டோம். 1000 என்பதை 60 ஆகத் திருத்திய பிறகு வந்த வரிகள் அவை. மூன்று வாரம் கழித்துப் பார்த்தபோது ஷேர்டு பஃபர்ஸ், ரேண்டம் பேஜ் காஸ்ட் உள்ளிட்ட பெரும்பாலானவை கருவி சொன்னபடியே இருந்தன. ஒர்க் மெம்மை மட்டும், இரவு அறிக்கை எடுக்கும் பயனர் கணக்குக்கு மாத்திரம் தனியே உயர்த்தியிருந்தார். தற்காலிகக் கோப்புகளின் பதிவில் அந்த ஒரு வேலை மட்டுமே திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்ததாம்.